சேற்றில் இருப்பதெல்லாம் சிப்பிக்குள் போவதில்லை

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் நான் வாங்கிய முதல் திட்டு சேற்றால் வந்தது. உலோகம் எவ்வளவு என்று பார்க்க மட்டிகள் (சேற்றில் வாழும் சிப்பி வகை) வந்த அன்றே சதையை வழித்தெடுத்து, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து அளவைக்கு அனுப்பிவிட்டேன். ஈயம் எகிறியிருந்தது. ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி தாளை நீட்டினால், மூத்தவர் ஈயத்தைப் பார்க்கவேயில்லை, அலுமினியத்தையும் இரும்பையும்தான் பார்த்தார். சேற்றில் நிறைய இருப்பவை அவை. அவையும் எகிறியிருந்தன. "குடல் காலியாகட்டும்னு விட்டு வச்சீங்களா?" வைக்கவில்லை. ஒரு நாளாவது சுத்தமான கடல்நீரில் விட்டிருக்க வேண்டும். நான் அளந்ததில் பாதி அதன் வயிற்றுச் சேறு. (சாப்பிடுகிறவர் குடலோடுதானே சாப்பிடுகிறார் என்று கேட்டால், நியாயமான கேள்விதான், ஆனால் அது வேறு கணக்கு.)

வண்டலும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரே விரிகுடாவில் மணலாக இருக்கும் இடத்தில் உலோகம் குறைவாகவும் களிமண்ணாக இருக்கும் இடத்தில் நிறையவும் தெரியும். பொடித் துகளுக்குப் பரப்பு அதிகம், ஒட்டிக்கொள்ள இடமும் அதிகம், அவ்வளவுதான். அப்புறம், காற்றுப் புகாத கறுப்புச் சேற்றில், அந்த அழுகின முட்டை வாடை வருமே அதில், காட்மியமும் ஈயமும் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். அளந்தால் பயமுறுத்தும் எண். சிப்பிக்குக் கிடைப்பதோ கொஞ்சம். அதையே தூர்வாரிக் கிளறி ஆக்சிஜன் பட வைத்தால் கந்தகத்தின் பிடி விட்டு உலோகம் கரையத் தொடங்கும், கதை மாறிவிடும்.

எந்த உயிரினம் என்பதும் முக்கியம். ஆளி (ஆங்கிலத்தில் மஸல்) துத்தநாகத்தை ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும், ஆனால் கடல் சிப்பி (ஆய்ஸ்டர்) செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துக்கொண்டே போகும். 1986இல் தைவானின் ஏர்ரென் ஆற்று முகத்துவாரப் பக்கம் சிப்பிகள் பச்சையாகவே மாறிவிட்டன. காரணம் செம்பு, ஆற்றின் மேல்பகுதியில் பழைய மின்பொருள்களை அமிலத்தில் கழுவி உலோகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா உலோகமும் இப்படி நிறம் காட்டினால் நம் வேலை சுலபம். காட்மியம் காட்டாது. மட்டி, ஆளி மாதிரி இரட்டை ஓட்டு உயிரிகளுக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வைத்திருக்கும் காட்மிய வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம், ஆனால் கடல் சிப்பியும் ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பியும் அதில் சேர்த்தி இல்லை. அந்த விலக்கே எனக்கு நிறைய சொல்கிறது.

"நல்லா வேகவச்சா போயிடாதா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். போகாது. விற்பதற்கு முன் சிப்பியைச் சுத்தத் தண்ணீரில் ஓரிரண்டு நாள் விடுவது பாக்டீரியாவுக்காக. காட்மியம் சதைக்குள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு பிணைந்து உட்கார்ந்திருக்கிறது, இரண்டு நாளில் அசையாது. நண்டில் அது குடியிருப்பது ஓட்டைத் திறந்ததும் தெரியும் அந்தப் பழுப்புக் களியில். ஐரோப்பிய ஒன்றியம் நண்டுக்கு வைத்த வரம்போ கால், கொடுக்கு வெள்ளைச் சதைக்கு மட்டும்தான். களிதான் ருசி என்று வழித்துத் தின்கிற ஆள் நான். இப்போது எப்போதாவது ஒரு தடவை, அதுவும் கொஞ்சமாக.