பட்டாணி வேகும் தண்ணீர்

மெரினாவில் ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’ என்று கூவி விற்பார்களே, அதே சுண்டல்தான் அரியமான் கடற்கரையிலும் தனுஷ்கோடியிலும். ஆனால் ராமநாதபுரம் கரையோரத்தில் அது நன்றாக அமைவதும் கெடுவதும் தண்ணீரைப் பொறுத்தது.

கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பட்டாணியை இறுக்கிவிடும். ராத்திரி முழுக்க ஊறினாலும் நடுவில் நறுக்கென்று கடிபடும். சோடா உப்பைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் தோல் கழன்று, சோப்பு வாடையோடு கூழாகிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரிக் குடிநீரோ நல்ல ஊற்றுத் தண்ணீரோ வேண்டும். தனுஷ்கோடியில் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, மணலுக்குள் அதன்மேல் தேங்கி நிற்கிறது. இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவில் இப்படியொரு ஊற்று! தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் கிடைக்கிறது.

கால் கிலோ காய்ந்த பட்டாணிக்கு மூன்று பங்கு தண்ணீர், எட்டு மணி நேரம். இந்தப் புழுக்கத்தில் அதற்குமேல் விட்டால் நுரைத்துப் புளித்த வாடை வரும். குக்கரில் இரண்டு விசில் போதும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், தோல் பிரியக்கூடாது. உடனே வடித்து, தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள். ஈரத்தோடு தாளித்தால் கொழகொழதான்.

தாளிப்புக்கு இந்த மண்ணின் குண்டு மிளகாய், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மூன்று போதும். முழுசாகப் போட்டால் எண்ணெயில் உப்பி வெடிக்கும், அதனால் கிள்ளி, விதையை உதிர்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு பொரிந்து, உளுந்து பொன்னிறமானதும் மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிளகாய்த் தோல் கருகினால் சுண்டல் முழுக்கக் கசக்கும். நசுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பட்டாணியைப் புரட்டுங்கள்.

தேங்காயும் மாங்காயும் கடைசியில், ஆறிய பிறகு. சூட்டோடு தேங்காய்த் துருவலைக் கொட்டி மூடிவைத்தால் பொழுது சாய்வதற்குள் ஊசிப்போகும். மாங்காய் கிளிமூக்கு நல்லது. பொடியாக நறுக்கி, பரிமாறும்போது மட்டும் கலக்க வேண்டும். முன்பே போட்டால் நீர் விட்டுக்கொண்டு, அந்த மொறுமொறுப்பே போய்விடும். மாவாக உதிரும் பட்டாணிக்கு நடுவே பல்லில் படும் அந்தப் புளிப்புக்காகத்தானே இதைச் சாப்பிடுகிறோம்!

வாங்கும்போது மாங்காய் தனிக் கிண்ணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம்பி வாங்கலாம். செய்தித்தாள் பொட்டலம் வேண்டாம், மை ஒட்டும். பதநீர் குடிக்கிற பனையோலைப் பட்டை கிடைத்தால் அதைவிடச் சிறந்த பாத்திரம் இல்லை. தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் காற்று மணலை வாரி அடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று சாப்பிடுங்கள்.