உடம்பு இருக்கு, ரத்தம் இல்லை

அம்மாவுக்கு வயது 47, எடை 76 கிலோ. சித்திரையில் கோபிசெட்டிபாளையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. வீட்டில் யாருமே நம்பவில்லை. "நல்லாத்தான உங்கறா, உடம்பும் திண்ணுனு இருக்குது, இவளுக்கு எப்படி ரத்தம் கம்மியாகும்?" என்று பெரியம்மா கேட்டார். படியேறினால் மூச்சு வாங்குது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுது என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள்தான் "எடையைக் குறைங்க, எல்லாம் சரியாகும்" என்று சொல்லியே அவர் வாயை அடைத்துவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

டாக்டரம்மா முதலில் மாதவிலக்கைப் பற்றித்தான் விசாரித்தார். ரத்தப்போக்கு அதிகம், அது ஒரு காரணம். அப்புறம் சாப்பாட்டைக் கேட்டார். காலையில் ராகிக்களியோ கம்பஞ்சோறோ, மத்தியானம் சோறும் கொள்ளுப்பருப்பும், தோட்டத்து முருங்கைக்கீரை வாரத்தில் மூன்று நாள். கேட்டால் குறை சொல்ல முடியாத சாப்பாடு. அடுத்து அவர் கேட்டதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "சோறு உண்டுட்டு எவ்வளவு நேரம் கழிச்சுங்க காப்பி, டீ குடிப்பீங்க?"

அம்மாவுக்குத் தட்டைக் கழுவி வைக்கும் முன்னாலேயே காப்பி வேண்டும். எவர்சில்வர் டம்ளர் நிறைய, நுரை தளும்ப, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு. காலையில் களிக்கு மேலே காப்பி, மத்தியானம் சோற்றுக்கு மேலே டீ. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் ஆகிவிடும்.

கீரை, ராகி, பயறு இதிலெல்லாம் இருக்கிற இரும்புச்சத்து சுலபத்தில் உடம்பில் சேராது. பத்து மில்லிகிராம் சாப்பிட்டால் ஒரு மில்லிகிராம் ரத்தத்துக்குப் போனாலே பெரிய விஷயம். இரைப்பையைத் தாண்டியதும் வருகிற சிறுகுடலின் முதல் பகுதியில்தான் அது உறிஞ்சப்படுகிறது. அந்த நேரம் பார்த்து டீயோ காப்பியோ உள்ளே போனால், அதிலிருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு, சேர வேண்டியதில் பாதிக்கு மேலேயே கூடச் சேரவிடாமல் வெளியே தள்ளிவிடும். காப்பியைவிட டீ இதில் மோசம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ளதைச் சாப்பாட்டோடு சேர்த்தால் அதே இரும்பு கூடுதலாக ஏறும். கறி, ஈரலில் இருக்கிற இரும்பு வேறு வகை, அதற்கு இவ்வளவு தடை கிடையாது, ஆனால் எங்கள் வீட்டில் கறி என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அப்படியென்றால் 76 கிலோ எங்கிருந்து வந்தது? சர்க்கரையும் எண்ணெயும் வெள்ளைச் சோறும் கிட்டத்தட்ட முழுசாகவே உடம்பில் சேர்ந்துவிடும், அவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. ஐந்து டம்ளருக்குப் பத்து ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு நாலு கிராம் என்று வைத்தாலும் 40 கிராம், ஒரு கிராமுக்கு 4 கலோரி, ஆக 160 கலோரி. இது சர்க்கரைக்கு மட்டும், பாலையும் சாயங்கால வடையையும் நான் சேர்க்கவே இல்லை. கலோரி அத்தனையும் தங்கிக்கொண்டது, இரும்பு மட்டும் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. குண்டாக இருப்பவருக்குச் சத்துக்குறை இருக்காது என்று நாம் நினைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கம்பஞ்சோறு ஆக்குவதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்து, உரலில் குத்துவார். மேல்தோல் உரிந்து வரும், முறத்தில் போட்டுப் புடைப்பார், மறுபடி குத்துவார். ஆக்கிய சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் லேசாகப் புளித்திருக்கும். அதை மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம். தானியத்தின் மேல்தோலில் பைட்டேட் என்று ஒன்று இருக்கிறது, இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்புச்சத்து எல்லாவற்றையும் அது கட்டிப்போட்டுவிடும். குத்துவதும் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கிற வேலைகள். அமுச்சிக்கு அந்தப் பேர் தெரியாது, கைக்குத் தெரிந்திருந்தது. இப்போது நாம் கடையில் கம்பு மாவு பாக்கெட் வாங்கி அரை மணி நேரத்தில் தோசை ஊற்றிவிட்டு, சிறுதானியம் சாப்பிட்டும் தெம்பே இல்லை என்கிறோம்.

மஞ்சளும் இப்படித்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளாகவே இருந்தாலும், அதிலிருக்கிற குர்குமின் என்கிற சத்து தனியாகப் போனால் ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம். மிளகு சேர்ந்தால் கூடும். மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடச் சொன்னவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கீரைப் பொரியலில் தேங்காயும் எண்ணெயும் கொஞ்சமாவது வேண்டும் என்பதும் அதே கணக்குதான், வைட்டமின் ஏ கொழுப்போடுதான் சேரும். டயட் என்று சொல்லி வெறும் தண்ணீரில் கீரையை வேகவைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்பா கதை வேறு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பத்து வருடமாகப் போடுகிறார். கால் மதமதவென்று இருக்கிறது என்றார், சர்க்கரையால்தான் என்று விட்டுவிட்டோம். வைட்டமின் பி12 குறைந்தாலும் அப்படி இருக்குமாம், அதைப் பார்த்தால் அடிமட்டத்தில் கிடக்கிறது. இரைப்பையில் சுரக்கிற ஒரு புரதம் பி12-ஐக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்ச் சிறுகுடலின் கடைசியில் சேர்க்க வேண்டும், மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுகிறவர்களில் பலருக்கு அந்தச் சேர்க்கை குறைந்துவிடுகிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லி பி12 பார்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு ஊசி போட்டார்கள்.

அம்மாவுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், ரத்தப்போக்குக்கும் தனியாக மருந்து. பூச்சி மாத்திரையும் ஒன்று, ஏனென்றால் தோட்டங்காட்டில் செருப்பில்லாமல் நடக்கிற ஆள். கொக்கிப்புழு கால் தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். மாத்திரையைவிட அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது காப்பியைத் தள்ளிவைத்ததுதான். "சோறு உண்டுபோட்டு காப்பி குடிக்காட்டி உண்ட மாதிரியே இல்ல கண்ணு" என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். ஒன்றரை மணி நேரம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சர்க்கரை இரண்டு ஸ்பூனிலிருந்து அரை ஸ்பூனுக்கு வந்தது. கொள்ளுப்பருப்பில் எலுமிச்சை பிழிகிறார்.

நாலு மாதம் கழித்து 11.3. மாத்திரையால் வந்ததுதான் பெரும்பங்கு, அதை நான் மறைக்கவில்லை. எடை 73. நான் திருப்பூரில் வேலை முடிந்து சாயங்காலம் போன் பண்ணினால், இப்போதெல்லாம் அம்மா எடுத்ததும் மணியைத்தான் கேட்கிறார். நாலரை ஆயிடுச்சும்மா என்றால், "அப்ப அடுப்புல பாலை வெச்சரட்டா?" என்கிறார்.