கால்சியப் படிவும் சீரற்ற துடிப்பும் சேர்ந்து வந்தபோது

இதய ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்திருப்பதும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பு இருப்பதும் எனக்கு அடுத்தடுத்துத் தெரியவந்தன. இரண்டாவதை டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். இரண்டும் இருப்பவருக்கு எது அவசரம், எதை நிதானமாகப் பார்க்கலாம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திடீர் திடீரென்று படபடப்பு வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எந்த ஒழுங்கும் இருக்காது. ஆனால் ஈசிஜி எடுத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. வந்து வந்து போகும் ஏ.எஃப். அப்படித்தான், அது வராத நேரத்தில் எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியாது. அதனால் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை மாட்டி அனுப்பினார்கள். படபடப்பு வந்த நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். பதிவில் ஏ.எஃப். வந்த நேரமும் என் தாளில் இருந்த நேரமும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இடங்களும் இருந்தன. நான் எதையுமே உணராத நேரத்திலும் துடிப்பு தாளம் தப்பியிருந்தது. படபடப்பு இல்லையென்றால் ஏ.எஃப். இல்லை என்று நம்ப முடியாது என்பதை அந்தப் பதிவு காட்டியது.

தைராய்டு ரத்தப் பரிசோதனை, எக்கோ என்ற இதய ஸ்கேன் இரண்டும் எடுத்தார்கள். தூக்கத்தில் குறட்டை, மூச்சுத்தடை உண்டா என்றும் விசாரித்தார்கள். இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தமும், மதுவும் ஏ.எஃப்.பைத் தூண்டக்கூடியவை.

கால்சியம் ஸ்கேன் மிக எளிது. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஈசிஜி கம்பிகளை ஒட்டி, மூச்சைச் சில விநாடிகள் அடக்கச் சொல்லி சி.டி. எடுப்பார்கள். துடிப்பு ஒழுங்காக இருந்தால்தான் படம் தெளிவாக விழும். ஏ.எஃப். ஓடிக்கொண்டிருந்தால் படம் கலங்கிவிடும். அதில் வரும் எண்ணுக்கு அகாட்ஸ்டன் ஸ்கோர் என்று பெயர். ஆர்தர் அகாட்ஸ்டனும் அவருடைய சகாக்களும் 1990இல் வெளியிட்ட முறை அது. பூஜ்யம் என்றால் கண்ணுக்குத் தெரியும் கால்சியம் இல்லை, 100க்கு மேல் போனால் கவனம் வேண்டும், 400க்கு மேல் என்றால் படிவு அதிகம். என்னுடையது 400ஐத் தாண்டியிருந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததும் அடைப்பு என்றுதான் மனம் போகும். ஆனால் படிவு மொத்தத்தில் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது, குழாய் எந்த அளவு குறுகியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கால்சியம் ஏறாத மென்மையான கொழுப்புப் படிவும் அதில் தெரியாது. ரத்த ஓட்டம் குறைகிறதா என்று பார்க்க எனக்குத் தனியாக, இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒன்று செய்தார்கள். குறையவில்லை என்று வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்தக் கால்சியத்தைக் கரைக்க முடியாதா என்று டாக்டரிடம் கேட்டேன். கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்று நேராகச் சொன்னார். வெறும் சுண்ணாம்பு வந்து ஒட்டிக்கொள்வதல்ல இது. கொழுப்பும் அழற்சியும் உள்ள இடத்தில் குழாய்ச் சுவரின் தசைச் செல்களே எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. அதனால் உணவில் கால்சியத்தைக் குறைத்தால் படிவு குறையும் என்பதற்கு அடிப்படை இல்லை. வைட்டமின் கே2 பற்றிப் பலரும் சொல்வார்கள். இதய வால்வில் கால்சியம் சேர்வதை அது தடுக்கிறதா என்று டென்மார்க்கில் வைட்டமின் டியோடு சேர்த்துக் கொடுத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி சேரும் வேகம் குறையவில்லை.

சரி, அப்படியானால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை எதற்கு? படிவை உடையாமல் உறுதியாக்கி, மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பதற்கு. ஸ்டேடின் சாப்பிடும்போது கால்சியம் ஸ்கோர் கொஞ்சம் ஏறக்கூடும், அதை மருந்து தோற்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலின் அளவுதான் இங்கே பார்க்க வேண்டிய எண்.

ஆக, கால்சியம் நிதானமான வேலை. ஏ.எஃப். அப்படி இல்லை. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்த ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பலவீனமாக இருப்பது, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ரத்தம் உறையாமைக்கான மருந்து தேவையா என்று முடிவு செய்கிறார்கள். என் வயதும் ரத்த அழுத்தமுமே அதற்குப் போதுமானவையாக இருந்தன. எனக்கு அந்த வகை மருந்தான அபிக்சபன் கொடுத்தார்கள்.

கால்சியம் தெரிந்தபோதே எனக்கு ஆஸ்பிரின் ஆரம்பித்திருந்தார்கள். அபிக்சபன் வந்ததும் அதை நிறுத்தச் சொன்னார்கள். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது, இரண்டும் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு இல்லையா? இல்லை என்பதை விளக்கினார் டாக்டர். ஏ.எஃப்.பால் வரும் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் போதாது, இரண்டையும் சேர்த்தால் ரத்தக்கசிவு கூடும். நிலையான இதயக் குழாய் நோயும் ஏ.எஃப்.பும் சேர்ந்திருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஜப்பானில் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அபிக்சபன் வகையைச் சேர்ந்த ரிவரோக்சபன் மட்டும் எடுத்தவர்களுக்கு, கூடவே ஆஸ்பிரின் போன்ற மருந்தும் எடுத்தவர்களைவிடப் பெரிய ரத்தக்கசிவு குறைவாக இருந்தது. அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்கள் கணக்கு வேறு, அவர்கள் எதையும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

தாளத்தைச் சரிசெய்யும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கால்சியம் குறுக்கே வந்தது. ஃப்ளெக்கெய்னைடு பலருக்கும் உதவும் மருந்து. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் இறப்பு கூடியது 1989இல் தெரிந்த பிறகு, இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்க்கிறார்கள். எனவே துடிப்பின் வேகத்துக்கு மெட்டோப்ரோலால், தாளத்துக்கு அப்லேஷன் என்று முடிவானது. நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாய்ப்பகுதியிலிருந்துதான் பெரும்பாலும் ஏ.எஃப். கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகரத்துக் குழு 1998இல் காட்டியது. அந்த வாய்ப்பகுதியைச் சுற்றிச் சுட்டு, தவறான மின்துடிப்பு மேலறைக்குள் வராமல் செய்வதுதான் அப்லேஷன். முதலில் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து ரத்தக்கட்டி இல்லை என்று உறுதிசெய்தார்கள். தொடைச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தினார்கள். முடிந்த பிறகு காலை மடக்காமல் பல மணி நேரம் படுத்திருந்ததுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

அப்புறம் சில வாரங்களில் மறுபடி படபடப்பு வந்தது, மிகவும் பயந்துவிட்டேன். முதல் இரண்டு மூன்று மாதங்களில் இப்படி வருவது உண்டு, அதை வைத்துத் தோல்வி என்று முடிவு கட்ட மாட்டார்கள். பிறகு எனக்கு அது அடங்கியது.

அபிக்சபன் மட்டும் நிற்கவில்லை. துடிப்பு சீரானதை வைத்து அதை நிறுத்த மாட்டார்கள், பக்கவாத அபாயப் புள்ளிகளை வைத்துத்தான் முடிவு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் பார்க்கிறார்கள். வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் இந்த மாத்திரையின் அளவை வைக்கிறார்கள்.