0.3 மில்லியும் 3 மில்லியும்

மட்டக்களப்பில் எங்கள் சிறுவர் வாட்டுக்குப் பயிற்சிக்கு வருகிற தாதிய மாணவிகளிடம் நான் முதலில் கேட்பது விடையை அல்ல, உத்தேசத்தை. "ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசிமருந்து, ஒரு அம்பியூலில் 80 மில்லிகிராம், 2 மில்லிலீற்றர். 12 கிலோ பிள்ளைக்கு டொக்டர் 60 எழுதியிருக்கிறார். ஒரு அம்பியூல் காணுமா, காணாதா தங்கச்சி?" காணும் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 80க்கு 2 என்றால் 60க்கு 1.5.

பலர் சூத்திரத்தைப் பாடமாக்கி வருகிறார்கள். தேவையானதை இருப்பதால் வகுத்து, கனவளவால் பெருக்கு. சரிதான். ஆனால் நைட் டியூட்டியில் மேலும் கீழும் மாறிப் போனால், கல்குலேட்டர் அதற்கும் ஒரு விடை தரும்: 2.67. விகிதமாக யோசிப்பவளுக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம் வரும். வயல் பக்கமான படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லிக் கொடுப்பதே இல்லை. 16 லீற்றர் தெளிக்கும் தாங்கிக்கு இவ்வளவு பூச்சிமருந்தென்றால் அரைத் தாங்கிக்கு எவ்வளவு என்று வயலில் அப்பாவிடம் பழகிவிட்டுத்தான் வருகிறார்கள்.

சிக்கல் பச்சைக் குழந்தைகளிடம்தான். 3 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 4 வீதம் 12 மில்லிகிராம். கணக்குப்படி 0.3 மில்லிலீற்றர். புள்ளி தவறினால் 3, அதாவது பத்து மடங்கு. அவ்வளவு சின்ன உடம்புக்கு இரண்டாவது அம்பியூலை உடைக்கக் கை போனால், அங்கேயே நிற்க வேண்டும். நான் விரும்புவது வேறு வழி: 2 மில்லிலீற்றரோடு 6 மில்லிலீற்றர் சேலைன் சேர்த்து மொத்தம் 8 ஆக்கினால், ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். 12க்கு 1.2. சிறிஞ்சில் கோடும் தெளிவாகத் தெரியும். (மொத்தம் 8 என்பதை 8 சேர்ப்பது என்று தவறாக எடுப்பவர்களும் உண்டு.)

தூள் மருந்தில் இன்னொரு பொறி. 600 மில்லிகிராம் பென்சைல்பெனிசிலின் தூளே கிட்டத்தட்ட 0.4 மில்லிலீற்றர் இடத்தைப் பிடிக்கும். 2 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டால் 2.4 வரும், மில்லிலீற்றருக்கு 300 என்று நினைத்து எடுப்பது உண்மையில் 250தான். 1.6 விட்டால்தான் 2. முழுக் குப்பியும் ஏற்றுகிற பெரியவர்களுக்கு இது பொருட்டில்லை. பாதி, கால் என்று எடுக்கும் எங்களுக்குத்தான் தலையிடி.

இந்த இட அளவு கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறலாம். அது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவதும் அந்தத் தாள்தான். எங்கள் வாட்டில் இப்போது அதை மருந்து ட்ரொலியில் ஒட்டிவைக்கிறோம். வேறு கம்பனி மருந்து வந்தால், பழைய தாளைக் கிழித்துவிட்டுத்தான் புதிய பெட்டியைத் திறக்கலாம்.