ஆறு எழுத்து

எங்கள் பட்டறையில் கல்வெட்டுக்குக் கூலி எழுத்துக் கணக்கில்தான். புள்ளி வைத்த எழுத்தும் ஒன்று, 'கொ' மாதிரி மூன்று துண்டாக நிற்பதும் ஒன்று. இது தெரிந்துதான் அந்த அம்மா வந்திருந்தார்.

"யாழ்ப்பாணம்னு எழுத எத்தனை எழுத்து தம்பி?"

விரல் விட்டு எண்ணி, "ஆறும்மா" என்றேன்.

"அந்த ஆறுக்கும் நானே காசு குடுத்துடுறேன். கமிட்டில கேக்க வேணாம்."

"காசு பிரச்சனை இல்லைம்மா. அவங்க சொன்னா போட்டுடுறேன்."

இவ்வளவுதான் பேச்சு. எழுந்து போய்விட்டார். தண்ணீர் கொடுத்தேனா என்பதுகூட ஞாபகமில்லை.

அது அவர்கள் ஊர் மிலிட்டரிக்காரர்களுக்கான நினைவுக்கல். மொத்தம் 43 பெயர். கடைசி நாலு வரி உயிர் விட்டவர்களுக்கு: பெயர், ஆண்டு, ஒரு சின்னக் கோடு, இடம். 1965 – சியால்கோட். 1971 – ஷக்கர்கர். 1999 – பட்டாலிக். அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு மட்டும் கமிட்டி கொடுத்த தாளில் 1987 என்று ஆண்டு இருந்தது, இடம் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று கமிட்டியைப் பார்த்துக்கொண்ட சுபேதாருக்குப் போன் போட்டேன்.

"விட்டுப்போகலப்பா. விட்டதுதான்" என்றார். "யாழ்ப்பாணம்னு போட்டா நாளைக்கே எவனாவது தார் பூசிட்டுப் போவான். அந்தக் குடும்பத்துக்குத்தானே அசிங்கம்?"

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. இலங்கையில் புலிகளோடு சண்டை போட்ட இந்திய அமைதிப்படையின் கடைசி ஆட்கள் 1990 மார்ச்சில் சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதியே வரவேற்கப் போகவில்லை. அன்றைக்கு ஊர் மனசும் அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் என்ன? 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அந்தப் படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்ததை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் படை என்றாலே அந்த ஆஸ்பத்திரிதான். அதனால் கமிட்டி சொன்னால் போடுகிறேன் என்று நான் சொன்னது கமிட்டிக்கு அடங்கியா, அல்லது எனக்கும் அந்தப் பெயரை அங்கே வெட்ட மனசில்லையா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த அம்மா பாராட்டு எதுவும் கேட்கவில்லை. எங்கே செத்தார் என்று எழுதச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் இலங்கையில் செத்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. பரமேஸ்வரன் என்ற மேஜருக்கு 1987 நவம்பரில் இலங்கையில் செத்ததற்காக, போரில் காட்டும் வீரத்துக்கான மிகப் பெரிய விருதான பரம் வீர் சக்ரா கொடுத்திருக்கிறார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை அரசே ஏறக்குறைய 1,200 பேர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. யாரோடு சண்டை, யார் மண், யார் கல்! இதெல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தால் சுபேதாரிடம் வாதாடியிருப்பேன் என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். வாதாடியிருக்க மாட்டேன். கூலியில் பாதிப் பணம் அவர் கையில் நின்றது.

ஆனால் ஒன்று செய்தேன். செய்தேனா, தானாக நடந்ததா என்பதுதான் குழப்பமே.

கம்ப்யூட்டரில் அடித்து, ஸ்டிக்கரை மெஷினில் வெட்டி, கல்லில் ஒட்டி, எழுத்துத் துண்டுகளை ஊசியால் ஒவ்வொன்றாக உரித்தெடுக்க வேண்டும். உரித்த இடத்தில்தான் மணல் பாய்ந்து கல்லைத் தின்னும். நாலாவது வரியில் '1987' முடிந்ததும் கோட்டையும் உரித்துவிட்டேன். மூன்று வரி உரித்த கைப்பழக்கமாக இருக்கலாம். கம்ப்ரசரை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது, கறுப்புக் கல்லில் '1987 –' என்று வெளுப்பாக நின்றது. அதற்குப் பிறகு பளபளவென்று வெறும் கல். எபாக்ஸி வைத்து அடைத்திருக்கலாம். நான் கோல்டு பெயின்ட்டை எடுத்துக் கோட்டுக்கும் சேர்த்து அடித்தேன்.

திறப்பு விழாவில் சுபேதார் பார்த்துவிட்டார். "இதென்னப்பா கோடு?"

"எல்லா வரிக்கும் ஒரே டிசைன் ஐயா, அப்படியே வந்துடுச்சு."

முறைத்தார். அதற்குள் மாலையோடு யாரோ வந்ததால் விட்டுவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மா வந்து கல் பக்கத்தில் நின்றார். பெயரைத் தொடவில்லை. கோட்டின் பள்ளத்தில் மட்டும் நகத்தை வைத்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார்.

"இதுக்கப்புறம் ஒண்ணுமில்லையே?"

"இடம் விட்டு வச்சிருக்கேன்மா."

சுபேதாரிடம் ஒன்று, இவரிடம் ஒன்று. இரண்டில் எது பொய் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. பட்டறையில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வேண்டுமென்றேதான் விட்டேன் என்கிறேன். சொல்லச் சொல்ல அப்படித்தான் நடந்தது போலவும் இருக்கிறது.

நட்ட கல்லில் எழுத முடியாது என்றில்லை. எங்கள் பட்டறைப் பெரியவருக்கு இன்னும் உளி பிடிக்க வரும், ஒரு காலைப்பொழுது வேலை. அந்த அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

"எப்ப வந்து எழுதுவீங்க?"

"சொல்லி அனுப்புறேன்மா" என்றேன். அவர் நம்பரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தேன்.