டென்னிஸ் ஆடியவர்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநராக: நெட் தேர்வும் 12 நிமிட ஓட்டமும்

கல்லூரியில் டென்னிஸ் சொல்லித்தர விரும்பும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: டென்னிஸுக்கென்று தனி கோச் வைக்கும் கல்லூரிகள் குறைவு. நிரந்தர வேலை உடற்கல்வி இயக்குநர் பதவியில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உடற்கல்வி முதுநிலையில் 55 சதவீதம், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட், போட்டிகளில் ஆடிய சான்று, உடற்தகுதித் தேர்வு, இவையெல்லாம் வேண்டும். உடற்கல்வி முதுநிலையான எம்.பி.எட். படிக்கச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆடிய காலத்துச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள்.

நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100. கேள்விக்கு 2 மதிப்பெண், மொத்தம் 3 மணி நேரம். தவறுக்குக் கழிவு இல்லை, ஒன்றையும் விடாதீர்கள். டென்னிஸ்காரர்கள் சறுக்குவது இரண்டாம் தாளில், ஆட்டத்திறனை அளக்கும் தேர்வுகளைக் கேட்கும் அளவீட்டுப் பகுதியில். பந்தைச் சுவரில் திரும்பத் திரும்ப அடிக்கவைக்கும் டயர் (Dyer) டென்னிஸ் தேர்வில் சுவரில் கோடு 3 அடி உயரத்தில், தரையில் தடுப்புக்கோடு சுவரிலிருந்து 5 அடியில். அதே மாதிரியான லாக்ஹார்ட்-மெக்பர்சன் இறகுப்பந்துத் தேர்வில் இது அப்படியே தலைகீழ்: சுவரில் 5, தரையில் 3. இரண்டுமே 30 விநாடி, மூன்று முறை. படித்து மட்டும் வைத்தால் தேர்வறையில் எண்கள் இடம் மாறிவிடும். ஒரு மதில் சுவரில் சாக்பீஸால் இரண்டையும் கோடு போட்டு அடித்துப் பாருங்கள், பிறகு மறக்காது.

உடற்தகுதித் தேர்வின் ஓட்டத்தில்தான் நல்ல ஆட்டக்காரர்களே தடுமாறுகிறார்கள், அது வருத்தமான விஷயம். 30 வயது வரை ஆண்களுக்கு 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண்களுக்கு 8 நிமிடத்தில் 1000 மீட்டர். ஆண்களுக்கு 400 மீட்டர் தடத்தில் நாலரைச் சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி. கடினமே இல்லை. ஆனால் டென்னிஸ் உடம்புக்குப் பழகியது சில விநாடி வேகமும், புள்ளிக்குப் புள்ளி 25 விநாடி ஓய்வும். அந்தப் பழக்கத்தில் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு, மூன்றாவதில் மூச்சிரைத்து நடக்கிறார்கள். கையில் கடிகாரத்தோடு முதல் சுற்றை வேண்டுமென்றே 2 நிமிடம் 30 விநாடிக்குக் குறையாமல் ஓடிப் பழகுங்கள், வாரம் மூன்று நாள், ஆறு வாரம். கடலூர் சில்வர் பீச் மணலில் வேண்டாம். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தூரக் கணக்கும் தெரியாது. மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.