பாட்டிலின் பின்பக்கத்தில் ஒரு வரி

2018 தொடக்கத்தில், வீட்டிலிருந்தபடியே ஒரு நேரடி விற்பனைக் கம்பெனிக்காக சோப்பு, எண்ணெய், ஷாம்பு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தேன். ஜிஎஸ்டி வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். கடை பில்லில் வரியைத் தனியாகக் காட்டுகிறார்களே, நாமும் காட்ட வேண்டும் போல என்று, 236 ரூபாய் தலை எண்ணெய்க்கு 18 சதவீதம் கூட்டி, 278 ரூபாய் என்று ஆர்டர் ஃபாரத்தில் எழுதினேன். யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சிக் கூட்டத்தில் ஆள் சேர்ப்பதைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். பணத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பினார். “எல்லா வரியும் சேர்த்துன்னு எம்ஆர்பி பக்கத்துலயே போட்டிருக்கே, பாரும்மா.” ஃபாரத்தின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். 236-ஐ 118-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 200. மீதி 36தான் வரி, அதுவும் விலைக்குள்ளேயே இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்று வசூலிக்கவே கூடாது என்பது சட்டத்தின் 32-ஆவது பிரிவு. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே கார்பன் காப்பிகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு வீடு. ஒவ்வொன்றாகப் போய், கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “பரவால்ல, வச்சுக்க” என்றார் ஒரு அக்கா. வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் அந்தப் படி ஏறவே கால் கூசியிருக்கும்.

போன வருடம் கணக்கு வேறு விதமாக வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய், சோப்புக்கெல்லாம் வரி 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. 20-ஆம் தேதி சனிக்கிழமை ஏழு ஷாம்புக்கு, பாட்டில் 354 வீதம் முழுப் பணமும் வாங்கியிருந்தேன். கம்பெனி பில் போட்டது 24-ஆம் தேதி, புது வரியில், 315 ரூபாய் விலையில். ஃபாரத்தில் 354 என்று எழுதி வாங்கியவர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பழைய சரக்கு என்பதால் பாட்டிலிலும் அதே விலைதான் அச்சாகியிருந்தது. ஆனால் அந்த 39 ரூபாய் அவர்களுடையது. ஏழு ஃபாரத்திலும் பழைய தொகையை அடித்து, 315 என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

டீச்சரம்மாவும் அந்த ஏழு பேரில் ஒருவர். இந்த முறை நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: முந்நூறுக்கு ஐந்து சதவீதம் பதினைந்து. ஃபாரத்தை வாங்கிக் கடைசிவரை படித்தார். பிறகு, அடுத்த மாதத்துக்கு இரண்டு சோப்பு எழுதிக்கொள்ளச் சொன்னார்.